வேஷம் கட்டுவதும் அவிழ்ப்பதும்

வாசகர் கேள்வி – பதில்

கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்த்திருவிழா நாடகங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, "நடிகர் பாத்திரமாகவே மாறிவிட்டார் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம், அது எப்படி நேர்கிறது?" என்று ஒரு வரியில் கேட்டு நிறுத்தியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே இருந்ததால், இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நல்ல நடிகர் மேடையில் தம்மை முற்றிலும் மறந்துவிடுகிறார் என்கிறார்கள். கல்லூரி நாடகத்தில் முதன்முறையாக நடிக்கவிருக்கிறேன். ஒத்திகையில் எவ்வளவு முயன்றாலும் என்னால் என்னை மறக்க முடியவில்லை. நான் நடிப்புக்குத் தகுதியற்றவளா?
— கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

பதில்: மறக்க முடியவில்லையே என்று வருந்தாதீர்கள், அம்மா. மறக்கவே கூடாது என்பது என் எண்ணம். நம் நாடகக்காரர்கள் "அவன் அரிச்சந்திரன் வேஷம் கட்டினான்" என்றுதான் சொல்வார்கள். ராஜபார்ட் ஆனாலும் பெண்வேடமான ஸ்திரீபார்ட் ஆனாலும் பபூன் ஆனாலும் எல்லாம் கட்டுவதுதான். கட்டுகிறவன் ஒருவன் விழித்திருந்தால்தான் கட்டு நிற்கும். விடியற்காலையில் அதை அவிழ்க்கவும் அதே ஆள்தான் வேண்டும். மேடையில் நிற்பவருக்கு எத்தனை வேலை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எதிரே நிற்பவரின் வசனம் எங்கே முடிகிறது, மைக் எந்தப் பக்கம் தொங்குகிறது, தம் முகத்தில் வெளிச்சம் விழுகிறதா, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் வீறிட்ட குழந்தை அடங்கும்வரை அடுத்த வரியை நிறுத்திவைக்க வேண்டுமா என்று இத்தனையையும் கவனித்துக்கொண்டேதான் அவர் மகனை இழந்த தகப்பனாகவோ நாட்டை இழந்த அரசனாகவோ நிற்கிறார்.

அதற்காகப் பாத்திரத்தோடு ஒன்றுதல் என்பதே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் குளச்சல் பக்கத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் தேவசகாயம் பிள்ளை நாடகத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொடுக்கப் போயிருந்தேன். 1712-இல் நட்டாலத்தில் பிறந்து, பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலராக இருந்து, கிறிஸ்தவராகி, சிறைப்பட்டு, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியருகே காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட அவருடைய கதை, நம் மாவட்டத்தில் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தலைமை வேடம் கட்டியவர் ஒரு மீனவர். கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவருக்கு ஒத்திகை. வசனத்தை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டார். குரலும் கணீரென்று இருந்தது. ஆனால் விலங்கு பூட்டி இழுத்து வரும் காட்சியில் மட்டும், வலையைக் கரையேற்ற வருகிறவர் போல விறுவிறுவென்று நடந்து வந்தார். "துக்கமாக நடங்கள்" என்றேன். தலையைத் தொங்கப்போட்டார், கால் அதே வேகத்தில்தான் போயிற்று. "மூன்று வருடமாகச் சிறையில் கிடப்பவராக நினைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு நடந்து, விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொண்டார்.

ஊரில் நாடகம் பழக்கும் அண்ணாவியார், என்னைவிட மூத்தவர், ஒரு சொல்லும் பேசாமல் எழுந்துபோய், படகிலிருந்து பழைய நங்கூரச் சங்கிலியில் இரண்டு பாகம் கழற்றிக்கொண்டுவந்து அவருடைய இரண்டு கணுக்கால்களுக்கும் நடுவே துணி சுற்றிக் கட்டிவிட்டார். அன்றுமுதல் எல்லா ஒத்திகையும் அந்தச் சங்கிலியோடுதான். முதல் நாள் ஒவ்வோர் அடிக்கும் தடுமாறினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலைத் தூக்குவதற்கு முன்பே இடுப்பில் ஒரு சிறு தயக்கம் வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் வசனத்தின் நடுவே தாமாகவே மூச்சுவிட நின்றார். அவர் நின்ற இடங்களில்தான் பொருளும் நின்றது. திருவிழா இரவில் மேடைக்கு வந்தது வெள்ளி வர்ணம் அடித்த பிளாஸ்டிக் சங்கிலி. அதற்கு எடையே கிடையாது. ஆனாலும் அவர் கால் நங்கூரத்தை இழுத்துக்கொண்டுதான் வந்தது. கூட்டம் அப்படியே அடங்கிப்போயிற்று. நான் "துக்கம்" என்று கேட்டு வாங்க முடியாததை, அண்ணாவியார் இரும்பைக் கொடுத்து வாங்கிவிட்டார்.

ருசிய நாடகப் பேராசான் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி (1863–1938) வந்து சேர்ந்த இடமும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. 1898-இல் மாஸ்கோ கலை அரங்கை உருவாக்கியவர்களுள் ஒருவரான அவர், தொடக்கத்தில் நடிகர் தம் வாழ்வின் பழைய உணர்ச்சிகளைத் தோண்டியெடுத்து மேடைக்குக் கொண்டுவர வேண்டுமென்று பழக்கினார். கடைசி ஆண்டுகளில், உணர்ச்சியை நேரடியாகத் துரத்தினால் அது ஓடிவிடும், செய்ய வேண்டிய செயலை உடம்பு சரியாகச் செய்தால் உணர்ச்சி தானாக வந்து சேரும் என்னும் முடிவை நோக்கி நகர்ந்தார். ஆகவே, உங்களை மறக்கும் முயற்சியை இன்றோடு விட்டுவிட்டு, உங்கள் பாத்திரம் நாள் முழுவதும் கையால் என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடியுங்கள். பூக்கட்டும் பெண் என்றால் ஒரு காலை நேரம் தோவாளைச் சந்தைக்குப் போய், பேசிக்கொண்டே பூத்தொடுக்கும் விரல்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு வீட்டில் நாரும் பூவும் வாங்கிவைத்துக்கொண்டு, தொடுத்தபடியே வசனத்தைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கொடை விழாவில் வில்லுப்பாட்டு உச்சத்துக்குப் போகும்போது சாமியாடிக்கு அருள் வருகிறது. அந்த நேரத்தில் அவர் எங்கள் அண்டை வீட்டுக்காரராகவே தெரிவதில்லை. நடிகர் பாத்திரத்தோடு ஒன்றுவதும் இதுவும் ஒன்றுதானே?
— வாசகர், சுசீந்திரம்

பதில்: இந்தக் கேள்வியை நம் மாவட்டத்து வாசகர் கேட்பதில் வியப்பில்லை, நாம் எல்லோரும் அந்த இரவுகளில் வளர்ந்தவர்கள். இரண்டும் ஒன்றில்லை என்பதே என் கருத்து. சாமியாடியிடம் வருவது தெய்வம் என்று ஊர் நம்புகிறது, அவரும் நம்புகிறார், அவரிடம் திருநீறு வாங்குகிறோம், குறி கேட்கிறோம், அவர் சொன்னதன்படி நடக்கிறோம். நாடகத்தில் எமன் வேஷம் கட்டியவரிடம் யாரும் போய் ஆயுளைக் கேட்பதில்லை. பார்ப்பவர்களுக்கும் ஆடுபவருக்கும் இடையிலுள்ள உடன்படிக்கையே வேறு.

அதே கொடையில் நடிப்புக்கு நெருக்கமானவர் யாரென்று தேடினால், என் கண் வில்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் புலவர்மேல்தான் விழுகிறது. அடுத்த முறை அவரைக் கூர்ந்து கவனியுங்கள். சுடலைமாடன் கதையைப் பாடும்போது அவர் குரல் மாடனாகிறது. அடுத்த அடியிலேயே மாடனைக் கண்டு நடுங்கும் ஒருத்தியாகிறது. வீசுகோல் வில் நாணில் விழும் ஒவ்வோர் அடியும் அந்த நடுக்கத்தை நம் முதுகில் ஏற்றுகிறது. சாமியை அழைக்கும் பாட்டில் தாளம் ஏற ஏற, சாமியாடியின் கால்விரல் முதலில் துடிப்பதைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் பார்ப்பவர் அவர்தான். பார்த்தவுடன் உடுக்குக்காரருக்குக் கண்ணைக் காட்டுகிறார். குடம் அடிப்பவர் வேகத்தைக் கூட்டுகிறார். ஊரே தன்னை மறந்து நிற்கும் நேரத்தில், மறக்காமல் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறவர் அவர் ஒருவரே. மற்றவரை மெய்மறக்கச் செய்பவர் தாம் விழித்திருக்கிறார். மேடை நடிகருக்கு நான் வேண்டுவதும் இந்த விழிப்புதான்.

நம் பகுதியின் தோல்பாவைக்கூத்தும் இதற்கு நல்ல சான்று. திரைக்குப் பின்னால் கூத்தர் ஒருவரே இராமனுக்கும் இராவணனுக்கும் சீதைக்கும் குரல் கொடுத்து, நடுவே உச்சிக்குடுமி, உளுவத்தலையன் என்னும் கோமாளிப் பாவைகள் அடிக்கும் கூத்துக்கும் குரல் மாற்றிக்கொள்கிறார். ஒன்றுதல் என்பது தன்னை இழப்பதாக இருந்தால், அவர் எத்தனை முறை இழந்து எத்தனை முறை மீள்வது?

கேள்வி: மேடையில் உண்மையாகவே அழ வேண்டுமா? எங்கள் குழுவில் ஒருவர் கிளிசரின் போட்டுக்கொள்கிறார். இன்னொருவர் இறந்துபோன தம் தாயை நினைத்து அழுகிறார். எது சரி?
— பள்ளி ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தரையில் இருபதாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குக் கண்ணீர்த் துளி தெரியவே தெரியாது. அவருக்குத் தெரிவது தோள் தாழ்வதும், குரல் ஓரிடத்தில் உடைவதும், சேலைத் தலைப்பைத் தேடும் கையும்தான். கிளிசரின் காமிராவுக்குப் பயன்படலாம். மேடையில் அது கண்ணை உறுத்திப் பார்வையை மறைக்கும், அவ்வளவே. தாயை நினைத்து அழுபவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். ஒரு நாள் அந்த நினைவு வரும், மறுநாள் வராது. வராத நாளில் அவர் தம்மையே குற்றவாளியாக்கிக்கொள்வார். அதைவிட, பாத்திரம் எதற்காக அழுகிறது என்பதே அவருக்கு மறந்துபோய்விடும்.

அழுகையை எப்படி அணுகுவது என்பதற்கு நம்மிடமே ஓர் அரிய கருவி இருக்கிறது. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது மெய்யில் வெளிப்படும் உணர்ச்சிகளை, எண்ணுகிறது. அதோடு நிற்காமல், ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்காகப் பிரித்துச் சொல்கிறது. "இளிவே இழவே அசைவே வறுமையென, விளிவில் கொள்கை அழுகை நான்கே" என்பது அழுகையைப் பற்றிய நூற்பா. பிறர் இகழ்வதால் வரும் அழுகை ஒன்று. உறவையோ உடைமையையோ இழந்ததால் வருவது ஒன்று. முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்ந்துபோனதால் வருவது ஒன்று. இல்லாமையால் வருவது ஒன்று. செய்யுளுக்குச் சொன்ன இலக்கணம்தான் என்றாலும், ஒத்திகையில் இதற்கு இணையாக வேலை செய்யும் கேள்வியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அரிச்சந்திரன் நாடகத்தின் மயான காண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மகன் லோகிதாசனின் உடலைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வருகிறாள். பெரும்பாலான ஊர்களில் அந்த வேஷம் கட்டுபவர் காட்சி தொடங்கியதுமுதல் முடிவதுவரை ஒரே அழுகையை அழுது தீர்ப்பார். சிறிது நேரத்தில் பார்ப்பவருக்குக் காது மரத்துவிடும். தொல்காப்பியக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அதே காட்சியைப் படியுங்கள். பிள்ளையைக் கிடத்தும்போது அது இழவு. சுடலைக்குரிய கூலி கேட்கப்பட்டுக் கையில் ஒன்றுமில்லாமல் நிற்கும்போது அது வறுமை. காவல்காரன் அதட்டி விரட்டும்போது இளிவு. நான் யாருடைய மனைவியாக இருந்தவள் என்னும் நினைவு வரும்போது அசைவு. நான்கு அழுகைக்கும் உடம்பு வேறு, மூச்சு வேறு. இழவுக்கு உடல் மண்ணை நோக்கிச் சரிகிறது. இளிவுக்கு முகம் திரும்பிக்கொள்கிறது. வறுமைக்குக் கை தன்னையறியாமல் மடியைத் தடவுகிறது. அசைவுக்கு, என் அனுபவத்தில், அழுகையே வெளியில் வராது, முதுகு ஒரு கணம் நிமிர்ந்துவிட்டுப் பிறகுதான் தளரும். இதைப் பிரித்துப் பழகிய ஒருவர், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் கூட்டத்தைக் கலங்கவைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

நடிகர் ஒன்றையும் உணராமல் இருந்தால்தான் எல்லோரையும் உணரவைக்க முடியும் என்று பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் திதரோ வாதிட்டார். அவர் மறைவுக்குப் பின் 1830-இல் அதைச் சொல்லும் அவருடைய நூல் அச்சானது முதல் இந்த விவாதம் ஓயவில்லை. எனக்கு அவரோடு முழு உடன்பாடில்லை. மெய்ப்பாடு என்னும் சொல்லே மெய்யில் படுவது என்றுதானே பொருள்படுகிறது? உடம்பில் உண்மையாகப் பட்டால் உள்ளமும் பின்னாலேயே வந்துவிடும். நடனத்துக்கும் நாடகத்துக்கும் இலக்கணம் வகுத்த நாட்டிய சாத்திரமும் வியர்வை, மயிர்க்கூச்சு, குரல் தழுதழுத்தல், நடுக்கம் போன்ற எட்டைச் சாத்துவிகம் என்று தனியே வைத்திருக்கிறது. மனம் ஒன்றாமல் அவை வாரா.

கேள்வி: ஆண் பெண்ணாகவும், இளைஞர் முதியவராகவும் ஒன்றிவிட முடியுமா?
— வாசகி, தக்கலை

பதில்: முடியும் என்பதற்கு நாடக நடிகர் டி. கே. சண்முகம் ஒருவரே போதும். 1912-இல் பிறந்த அவர், முதுமை எட்டிப்பார்க்காத வயதில் ஔவையார் வேடம் கட்டினார். ஊர் அவரை அதன்பின் ஔவை சண்முகம் என்றே அழைத்தது. சென்னையில் ஒரு பெருஞ்சாலை இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய சிறுவர் நாடகக் குழுவில் சிறு பையனாகச் சேர்ந்து வளர்ந்தவர் அவர். பையன்களே பெண்களாகவும் கிழவர்களாகவும் நடித்த அந்தக் குழுக்களில் பாட்டு, வசனம், நடை என்று பயிற்சி இடைவிடாமல் நடந்தது. பெண்ணைப் போலக் காட்டிக்கொள்வதை அவர்கள் நோக்கமாக வைத்துக்கொண்டதாக நான் நினைக்கவில்லை. ஒரு மூதாட்டி எழுந்து நிற்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாள், கோலை முதலில் ஊன்றுவாளா, காலை முதலில் எடுப்பாளா என்று தெரிந்துகொண்டால் மீதியை உடல் பார்த்துக்கொள்ளும். இடுப்பை நெளித்துச் சிரிப்பு வாங்கும் ஸ்திரீபார்ட், பாத்திரத்தின் பக்கத்தில்கூடப் போகாதவர்.

கேள்வி: கோயில் திருவிழா நாடகம் ஒன்றில் என் மகன் கைதியாக நடித்தான். சவுக்கால் அடிக்கும் வேடம் கட்டியவர் நிசமாகவே அடித்துவிட்டார். முதுகில் வரி வரியாகத் தடிப்பு. கேட்டால், "பாத்திரத்தோடு ஒன்றிவிட்டேன்" என்கிறார். இதை ஏற்றுக்கொள்ள வேண்டுமா?
— தந்தை ஒருவர், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைப் பகுதி

பதில்: ஏற்றுக்கொள்ளவே வேண்டாம், ஐயா. படித்தபோது எனக்கு மனம் வலித்தது. அவர் பாத்திரத்தோடு ஒன்றவில்லை. கூட்டத்தின் ஆரவாரத்தோடு ஒன்றிவிட்டார். உடன் நடிப்பவரின் உடம்பு தம் பொறுப்பில் இருக்கிறது என்ற நினைவு ஒரு கணமும் விலகாதவரே மேடையில் சவுக்கைத் தொடத் தகுந்தவர். அந்தக் காட்சியை அடி விழாமலே நடத்த முடியும், நடத்தியும் இருக்கிறோம். சவுக்கு தரையில் விழ வேண்டும், ஓசைக்குத் திரைக்குப் பின்னால் ஒருவர் தோல் செருப்பைப் பலகையில் அறைய வேண்டும், அந்த ஓசைக்கு ஒரு இமைப்பொழுது பிந்தி அடிபடுபவரின் முதுகு வளைய வேண்டும். அந்தப் பிந்தல்தான் வலியைக் காட்டும். இதை நாற்பது ஐம்பது தடவை எண்ணிக்கை சொல்லிப் பழக்கியிருக்க வேண்டியது நாடகம் பழக்கியவரின் கடமை. பழக்காமல் விட்டிருந்தால் குற்றத்தில் அவருக்கும் பங்குண்டு. அடுத்த முறை உங்கள் மகன் நடிப்பதானால், அந்தக் காட்சியின் ஒத்திகைக்கு நீங்களும் போய் உட்காருங்கள்.

கேள்வி: நாடகம் முடிந்தும் இரண்டு மூன்று நாள் அந்தப் பாத்திரத்தின் கோபம் என்னை விட்டுப் போவதில்லை. வீட்டில் எரிந்து விழுகிறேன்.
— நடிகர், குலசேகரம்

பதில்: வேஷத்தைக் கட்டுவதற்கு நேரம் ஒதுக்கும் நாம் அவிழ்ப்பதற்கு ஒதுக்குவதில்லை. உங்களுக்குப் பக்கத்திலேயே திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவில் கதகளி ஆடுகிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் வேஷம் கட்டும் அணியறைப் பக்கம் நின்று பாருங்கள். ஆடுபவர் மல்லாந்து படுத்திருக்க, முகத்தின் ஓரத்தில் சுட்டி என்னும் வெள்ளை விளிம்பை வைப்பதற்கே மணிக்கணக்காகிறது. அந்த நேரம் முழுவதும் அவர் பேச்சில்லாமல் கிடக்கிறார். கண் சிவப்பதற்குச் சுண்டப்பூவிலிருந்து எடுத்த சிறு மணியை இமைக்குள் வைத்துக்கொள்கிறார். கிரீடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அணிகிறார். விடியலில் அதே ஒழுங்கில் ஒவ்வொன்றாகக் கழற்றி, முகத்தில் தேங்காயெண்ணெய் தேய்த்து, வர்ணத்தைத் துடைத்தெடுக்கிறார்.

நீங்களோ பாதி அரிதாரத்தோடு பைக்கில் ஏறி வீட்டுக்குப் போகிறவராக இருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இனிமேல் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். உடையை நீங்களே மடித்துப் பெட்டியில் வையுங்கள். உங்களோடு சண்டையிட்ட பாத்திரத்தில் நடித்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கட்டன்காப்பி குடியுங்கள். அவரை அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அதன்பிறகும் கோபம் மூன்று நாள் நிற்குமானால், அது பாத்திரத்தின் கோபம்தானா என்று உங்களையே கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் ஊர் நாடகத்தில் எனக்குக் கிடைத்திருப்பது திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா அரசவையில் நிற்கும் காவலன் வேடம். "உத்தரவு, மகாராஜா", "கொண்டுவந்திருக்கிறோம், மகாராஜா" என்று இரண்டே வரிகள். ஒன்றுவதற்கு இதில் என்ன இருக்கிறது?
— மாணவர், ஆரல்வாய்மொழி

பதில்: நிறைய இருக்கிறது, தம்பி. இரண்டு வரிதான் பேசுகிறாய். ஆனால் காட்சி முழுவதும் நிற்கிறாய். தொல்காப்பியம் அச்சத்துக்குச் சொல்லும் நான்கு காரணங்களில் அணங்கு, விலங்கு, கள்வர் என்பவற்றுக்கு அடுத்து நான்காவதாக நிற்பது "தம் இறை", அதாவது தன் அரசன். உன் வேடத்துக்குச் சாவி அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. பேயைக் கண்டால் ஓடலாம், புலியைக் கண்டால் மரத்தில் ஏறலாம், திருடனைக் கண்டால் கூச்சல் போடலாம். தன் அரசனுக்கு அஞ்சுகிறவன் ஓடவும் முடியாது, கத்தவும் முடியாது, அசையாமல் நிற்க வேண்டும். அந்த அசையாமையைப் பழகு. அரசன் எழுந்தால் உன் மூச்சு எங்கே போய் நிற்கிறது? அவர் உன் பக்கம் திரும்பாமலே பேசினாலும், கூப்பிட்டது உன்னைத்தான் என்று உனக்கு எப்படித் தெரிகிறது? விடியற்காலையிலிருந்து நிற்கிறவனுடைய எடை எந்தக் காலில் இருக்கும்?

பின்வரிசையில் நிற்கிறோம் என்று கூட்டத்தில் இருக்கும் நண்பர்களைத் தேடாதே. அதே நேரத்தில், முகத்தைக் கோணி முன்னால் நடப்பவர்களின் காட்சியைப் பறிக்கவும் செய்யாதே. பேசுகிறவர் யாரோ அவரைப் பார். அவர் சொல்வதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்பவனாகக் கேள். ஈட்டிக்கு அட்டையும் குச்சியும் தருவார்கள். ஒத்திகைக்கு மட்டும், வீட்டில் இரும்புக் கம்பியோ உலக்கையோ இருந்தால் அதை எடுத்துக்கொண்டு போ.